எம் பாட்டன்மார் அறியாத பெரியார்: சேர் பொன்னம்பலம் அருணாசலம்

சிவனொளிபாத மலையை வணங்கச் செல்லும் அன்பர்களிற் பலர் அட்டனிற் புகைவண்டியை விட்டிறங்கி, மஸ்கெலியாவைக் கடந்து, நல்லதண்ணியை அடைந்தே மலையேறத் தொடங்குவர். மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை அவ்வழியெங்கும் இரவில் விளக்கொளி விளங்கும். அடியார் கூட்டம் ஓயாது. ஏனைய மாதங்களில் மழையும் மூடுபனியும் தேயிலையுமே அங்கு காட்சி. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தினுள் அமிழ்ந்து அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. நீர் வற்றுங் காலத்து அதன் பழங்கோயில் மேலெழுந்து தோன்றுவதைப் பேருந்திற் செல்வோர் இன்றுங் காணலாம். அந்நிலப்பகுதியில் ஒரு தோட்டத்து லயத்திற் பிறந்து, பின்னர் நம் இந்துக் கல்லூரியிற் கற்கும் பேறு பெற்றோருள் யாமும் ஒருவர். கல்லூரியின் யூபிலி மலருக்கு ஒரு பெரியாரின் வரலாறு எழுதித் தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, எம் உள்ளத்தில் முதலில் எழுந்தவர் எம் பாட்டனாரே. ஆயினும் எழுதப்புகுந்தது அவர் வரலாறன்று. அவர் பெயரும் அறியாதிருந்த, ஆனால் அவர் வாழ்வைத் தொட்ட, வேறொருவர் வரலாறு.

எம் பாட்டனார் தம் தாயாருடன் மண்டபம் முகாம் வழியாக இந்நாட்டுக்கு வந்தவர். எழுத்தறியாதவர், தேவாரத்திற் சில பதிகங்களை மட்டும் மனப்பாடமாக ஓதுவார். மாலையிற் காம்பரா வாயிலில் அமர்ந்து அவர் சொல்லும் பழங்கதைகளில் துண்டு என்னுஞ் சொல் அடிக்கடி வரும். துண்டு மாறிய வருடம், துண்டு வராமற்போன வருடம் என்றே இளமைக்காலத்தை அவர் கணக்கிடுவார். மூன்று தோட்டங்கள் மாறினாராம். மூன்று முறையும், போக விருப்பமா என அவரை ஒருவருங் கேட்டிலர். பிறகு ஒருநாள் துண்டு இனி இல்லையென்று சொன்னார்கள் என்பார். யார் அதை ஒழித்தார் என்று கேட்டால், சீமையிலிருந்த ராசா என்பார். லயத்தில் இருந்தோர் எல்லோரும் அவ்வாறே நம்பியிருந்தனர்.

யாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அருணாசலம் மண்டபம் என்னும் மாணவர் விடுதியிற் சில ஆண்டுகள் வாழ்ந்தோம். அவ்விடுதிக்குப் பெயர் தந்தவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தந்தையெனப் போற்றப்பட்டவர் என்பது தெரியும். இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற்றலைவர் என்பதுந் தெரியும். துண்டுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு மட்டுந் தெரியாது. விடுதியை விட்டு நீங்கிப் பல்லாண்டு கழிந்தபின், வேறெதையோ தேடி நூலகத்திற் புரட்டிய ஏடொன்றிலேதான் அதனைக் கண்டோம். வெட்கமாயிருந்தது.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் குமாரசுவாமி முதலியார், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராய் உயர்ந்தவர். 1835இல் சட்டநிரூபண சபையில் தமிழருக்கு முதன்முதல் அளிக்கப்பட்ட ஆசனத்தைப் பெற்று, அடுத்த ஆண்டே இறைவனடி சேர்ந்தார். பேரப்பிள்ளைகள் அப்பாட்டனாரைக் கண்டவரல்லர். ஆயினும் அவ்வில்லத்திற் பிறந்தோர் யாவரும் பொதுப்பணிக்கு உரியோர் என்னும் எண்ணத்தை அவர் விட்டுச் சென்றார் எனலாம். தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி புகழ்பெற்ற நியாயவாதி. கலைப் பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் தந்தையார். தந்தையார் பொன்னம்பல முதலியார் மானிப்பாயைச் சேர்ந்தவர். கொழும்புக் கொச்சிக்கடையில் 1857ஆம் ஆண்டு பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை எடுப்பித்தவர். அவ்வாலயத்தையே அவருடைய இரண்டாம் புதல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பின்னாளிற் கருங்கற் றிருப்பணியாகச் செய்து முடித்தார். மூத்தவர் குமாரசுவாமியும் சட்டநிரூபண சபையில் அமர்ந்தவர். மூவருள் இளையவர் அருணாசலம்.

இளையவரின் கல்வி விரைந்து நடந்தது. கொழும்பில் இன்று றோயல் கல்லூரி என வழங்கும் கலாசாலையிற் கற்றுப் பரிசிற்பணம் பெற்று, கேம்பிரிட்ஜிலே கிறைஸ்ற்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். 1875இல் இலங்கைச் சிவில் சேவைக்கான திறந்த போட்டிப் பரீட்சையிற் றேறி, அவ்வழியாற் சிவில் சேவை புகுந்த முதல் இலங்கையரானார். வெள்ளையரே நிறைந்திருந்த அச்சேவையில் அவர் எதிர்கொண்ட இடர்கள் பல. பல ஊர்களில் நீதிபதியாயிருந்த அவரை, மூத்தவர் பலரையுந் தாண்டிப் பதிவாளர் நாயகமாகத் தேசாதிபதி கோர்டன் நியமித்தபோது ஆங்கில உத்தியோகத்தரிடையே பெரும் முறுமுறுப்பு எழுந்தது. அவர் அதற்கு மறுமொழி கூறியதெல்லாம் வேலையினாலேயே. காணி உறுதிப் பதிவுகள் குழம்பிக் கிடந்த அக்கந்தோரை ஒழுங்கு செய்தார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி, அதன் அறிக்கையை எண்களின் தொகுப்பாக விடாமல், இந்நாட்டு மக்களின் சாதி சமயம் தொழில் வழக்கம் யாவற்றையும் ஆராயும் நூலாகவே எழுதினார். முப்பத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அக்கணக்கில் அடங்கினர். அவர்களுள் தோட்டத்து மக்களும் இலட்சக்கணக்கில் இருந்தனர். அந்நாளில் அம்மக்களின் தொகையை அவரினும் நன்கறிந்தார் இலங்கையில் இருந்திருக்க மாட்டார்.

1883இல் அவர் மணம் புரிந்தார். மனைவியார் சுவர்ணம் அம்மையார். பிள்ளைகள் பலர் பிறந்தனர். அவர்களுள் மகாதேவா பின்னாளில் உள்நாட்டு மந்திரியாகித் தாமும் சேர் பட்டம் பெற்றார். அக்காலத்துக் கொழும்புப் பெருங்குடும்பங்களிற் சில, ஆங்கில உடையோடும் பாஷையோடும் சமயத்தையும் மாற்றிக்கொண்டன. அருணாசலம் அவர்கள் ஆங்கிலத்தில் நிகரற்ற புலமையுடையவர்; கிரேக்கமும் இலத்தீனும் கற்றவர். ஆயினும் சைவத்தினின்றும் தமிழினின்றும் அணுவளவும் விலகினாரல்லர். திருவாசகத்திலும் பிற பழந்தமிழ் நூல்களிலும் சில பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கதிர்காமக் கந்தன் வழிபாடு பற்றி அவர் எழுதிய கட்டுரை அவர் மறைந்த 1924ஆம் ஆண்டிலேயே ஆசியக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. அக்கழகத்தின் இலங்கைக் கிளைக்குத் தலைவராய் அமர்ந்த முதல் இலங்கையரும் அவரே.

அவர் சமயவாழ்வு பற்றிச் சொல்லுகையில், கேம்பிரிட்ஜிற் பழகிய ஆங்கில நண்பர் எட்வேட் காப்பென்ரரைக் குறியாது விடலாகாது. தொழிலாளர் உரிமைக்காக எழுதியும் பேசியும் வந்த அவ்வறிஞர் 1890இல் இலங்கைக்கு வந்தார். அருணாசலம் அவரைச் சைவ ஞானி ஒருவரிடம் அழைத்துச் சென்றார். பல வாரங்கள் அவர் அந்த ஞானியாரிடம் உபதேசங் கேட்டார். எமது சிவனொளிபாத மலையிலும் ஏறினார். 1892இல் அவர் வெளியிட்ட பிரயாண நூலின் பெயரிலேயே அம்மலை இடம்பெற்றது. காப்பென்ரர் தமிழரிடமிருந்து ஞானம் பெற்றுச் சென்றார் என்பதைப் பலரும் எழுதியுள்ளனர். அருணாசலம் அந்நண்பரிடமிருந்து என்ன பெற்றார் என்பதை எழுதினோர் குறைவு. உழைப்பவன் குறையைத் தன் குறையாகக் காணும் நோக்கு அந்நட்பினாலும் வளர்ந்திருத்தல் கூடும் என்பது எம் கருத்து.

1913இல் அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்றார். அகவை அறுபது. நிருவாக சபையிலும் சட்டநிரூபண சபையிலும் அமர்ந்தவர். சேர் பட்டமும் வந்தடைந்தது. பேரப்பிள்ளைகளுடன் களித்து, திருவாசகத்தை ஓதிக் காலங் கழித்திருப்பின் அவரைக் குறைகூறுவார் ஒருவருமிலர். அவர் வாழ்வின் பெரும் பகுதி அதன்பின்னரே தொடங்கிற்று.

1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தை நிறுவித் தலைமை தாங்கினார். கொழும்பின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் வாழ்ந்த ஏழைகளின் கல்வி, மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றைக் கவனிப்பதற்கென எழுந்தது அக்கழகம். 1917இல் அரசியற் சீர்திருத்தக் கழகம். 1919 டிசெம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரசு. சிங்களரும் தமிழரும் ஒருங்கே அமர்ந்த அச்சபைக்கு முதற்றலைவராகத் தமிழர் ஒருவர் தெரிவு செய்யப்பட்டார் என்பதை இன்றைய மாணவர் வியப்போடு படிப்பர். மேல்மாகாணத்திலே தமிழருக்கு ஓர் ஆசனம் என்று கொடுத்த வாக்குறுதி நிறைவேறாமற்போக, 1921இல் மனம் நொந்து அதனை விட்டு நீங்கினார். 1923இல் இலங்கைத் தமிழ் மக்கட் சங்கத்தை அமைத்தார். இவ்வரலாற்றை எழுதியோர் மிகப் பலராதலின் யாம் இங்கு விரித்திலம். 1906 முதல் அவர் பல்கலைக்கழகத்துக்காக நடத்திய கிளர்ச்சியும், அதன் பயனாக 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பெற்றதும் அத்தகையனவே. எம் நோக்கம் வேறொரு சங்கத்தின் மேலது.

அதனைச் சொல்லுமுன் துண்டு என்றால் என்னவென்று விளக்குதல் வேண்டும். இக்காலத்து மாணவர் அச்சொல்லைக் கேட்டிரார்.

தமிழகத்துக் கிராமத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வருபவர் கங்காணி. அதற்கான முற்பணத்தைத் தோட்டத்துத் துரை கங்காணியிடம் கொடுப்பார். வழிச்செலவு, சோறு, துணி, கம்பளி எனச் செலவாகியது யாவும் தொழிலாளியின் பேரிற் கடனாக எழுதப்படும். கங்காணி தமக்கென வாங்கியதும் பல வேளைகளில் அவன் தலையிலேயே விழும். தோட்டத்தில் வந்திறங்கும்போதே அவன் கடனாளி. சம்பளத்தில் அக்கடன் தீர்வதில்லை. இந்நிலையில் ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், துரை கையொப்பமிட்டு ஒரு சிறு கடிதந் தருவார். இத்தனை ஆட்கள், இவ்வளவு கடன். அத்தொகையைச் செலுத்தும் தோட்டத்துக்கு இவர்கள் போகலாம் என்பதே அதிலுள்ள செய்தி. அந்தக் கடிதமே துண்டு. புதிய துரை பணத்தைக் கட்டுவார். கடன் அவருடைய கணக்குக்கு மாறும். கடனோடு ஆட்களும் மாறுவர். றப்பர் விலை ஏறிய ஆண்டுகளில் ஆட்களுக்குப் போட்டி மிகுந்தபோது, துண்டின் தொகையும் ஏறிக்கொண்டே போயிற்று. அவ்வேற்றத்தின் பயன் போய்ச்சேர்ந்த இடம் கங்காணியின் கை. சுமை வந்துசேர்ந்த இடம் எம் பாட்டனார் போன்றோரின் தலை.

துண்டின்றி ஒருவன் போய்விட்டால் என்செய்வது? அதற்கென 1865ஆம் ஆண்டின் தொழிற் கட்டளைச்சட்டம் இருந்தது. அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கினாலும், வேலையிற் கவனக்குறைவாயிருந்தாலும், துரையை அவமதித்துப் பேசினாலும் அது குற்றமாகும்; மூன்று மாதம் வரை மறியலுக்கு அனுப்பலாம். ஒரு கடனை இறுக்காத வியாபாரி மீது வழக்குத் தொடுத்தால் அவன் பொருளை ஏலம் விடுவர். தோட்டத் தொழிலாளி வாக்குத் தவறினாலோ அவன் உடலைச் சிறையிலிடுவர். இலங்கைத் தொழிலாளர் பீஜியிலும் மொரீசியசிலும் இருந்தோர்போல ஒப்பந்தக் கூலிகளல்லர், சுதந்திரர் என்று தோட்டக்காரர் பெருமை பேசியது இந்நிலையிலேதான்.

அருணாசலம் இதனை நன்கறிவார். நீதிபதியாக அவர் அமர்ந்திருந்த காலத்திலும் நாட்டின் நீதிமன்றங்கள் நடத்திவைத்த சட்டம் இதுவே. முப்பத்தெட்டு ஆண்டுகள் சேவையிலிருந்தவர் அப்போதே ஏன் வாய்திறந்திலர் என வினவுவோர் இருக்கலாம். அரசாங்க உத்தியோகத்தர் அரசாங்கத்தின் சட்டத்தை மேடையிற் கண்டித்தல் இயலாது என்பது ஒரு விடை. அது முழுவிடை என்று யாமுஞ் சொல்லமாட்டோம். ஆனால் தடை நீங்கியபின் அவர் காலந்தாழ்த்தவில்லை. பேச்சாலும் எழுத்தாலும் விண்ணப்பத்தாலும் இவ்விரு கொடுமைகளையும் சாடினார். 1919இல், காங்கிரசு பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே, இலங்கைத் தொழிலாளர் நலன்புரி சங்கத்தைத் தோற்றுவித்துத் தாமே தலைவரானார். செயலாளராக அமர்ந்தவர் பெரி. சுந்தரம். மலைநாட்டுத் தோட்டக் குடும்பத்தில் தோன்றிக் கேம்பிரிட்ஜ் வரை சென்று கற்ற இளைஞர் அவர். அறுபத்தைந்து வயதுக் கொழும்புப் பிரபுவும், முப்பது வயதும் நிரம்பாத தோட்டத்துப் பிள்ளையும் ஒரே மேசையில் அமர்ந்து விண்ணப்பங்கள் எழுதிய காட்சியை எண்ணிப்பார்க்குந்தோறும் எம் மனம் நெகிழ்கின்றது.

அச்சங்கம் பெருங்கூட்டம் திரட்டியதன்று, வேலைநிறுத்தம் நடத்தியதுமன்று. தோட்டங்களுக்குள் வெளியார் எவரும் புகவொண்ணாத காலம் அது. லயத்து மக்களுக்கு அப்படியொரு சங்கம் இருப்பதே தெரியாது. அது செய்ததெல்லாம் சட்டத்தைச் சட்டத்தால் எதிர்த்தல். உரிமைச் சட்டங்களைத் தொகுத்து நூல் எழுதியவர் தலைவர். ஆதலால் அவர் சொல்லை உணர்ச்சிவசப்பட்டார் பேச்சென்று அரசாங்கம் தள்ளிவிட இயலவில்லை. சிறைத்தண்டனை விதி, துண்டு, தலைவரி ஆகியவற்றை அகற்றுமாறும், தொழிலாளருக்கு வாழ்வதற்குப் போதிய கூலி கிடைக்குமாறும் அவர் வற்புறுத்தினார்.

1921ஆம் ஆண்டு 43ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தினால் துண்டு தடைசெய்யப்பட்டது. தொழில் ஒப்பந்தத்தை மீறியமைக்காகத் தோட்டத் தொழிலாளரைச் சிறையிடும் விதிகளும் அக்காலத்தையொட்டியே நீங்கின.

இவ்வெற்றி அருணாசலம் ஒருவராலேயே வந்ததென்று எழுதுதல் உண்மைக்கு மாறாகும். தென்னிந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய வந்த மாஜரிபாங்ஸ், மரைக்காயர் என்னும் இருவரின் அறிக்கை 1917இல் வெளிவந்திருந்தது. இக்கொடுமைகள் நீங்காவிடில் இந்தியா ஆட்களை அனுப்பாதென்ற அச்சம் தோட்டக்காரரைப் பிடித்திருந்தது. அச்சமே அவர்களை இணங்கவைத்தது, இரக்கமன்று. ஆயினும் இந்நாட்டினுள்ளிருந்து, இந்நாட்டு மக்களின் பெயரால் அதனைக் கேட்ட குரல்களுள் முதன்மையானது அருணாசலத்தினுடையது. அக்குரலுக்கு அவர் பெற்ற கைம்மாறு எதுவுமில்லை. தோட்டத்து மக்களிடம் வாக்கில்லை. சங்கத்துக்குச் சந்தா கொடுக்கப் பணமுமில்லை. அவருடைய வகுப்பினரும் ஊரினரும் அல்லர் அவர்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அக்காலத்துக் கற்றோர் பலர் தோட்டத் தமிழரை எவ்வாறு நோக்கினர் என்பதை யாம் சொல்ல வேண்டுவதில்லை. நம் கல்லூரி விடுதியிலேயே எம் காலத்து மாணவர் சிலர் எம்மை அழைத்த பெயர் இன்னும் நினைவிலுண்டு. அவர்களோடு எமக்கு இன்று மனத்தாங்கல் இல்லை. பலர் உற்ற நண்பராயினர்.

பின்னர் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். 1923இல் இந்திய அரசாங்கத்தின் ஏசண்டு கண்டியில் அமர்ந்தார். 1927இல் குறைந்த கூலிச் சட்டம் வந்தது. கோ. நடேசையர் தோட்டங்களுக்குள் நேரே சென்று மக்களைத் திரட்டினார். 1931இல் பெரி. சுந்தரம் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்று, தொழில், கைத்தொழில், வாணிபம் ஆகியவற்றுக்கு முதல் மந்திரியானார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எம்மவரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. அக்குறை முற்றத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எம் பாட்டனார் அந்த நாளைக் காணவில்லை. இந்நாட்டில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்துக் காட்டில் உழைத்தவர், எந்நாட்டுக்கும் உரியராகாமலே மறைந்தார்.

சேர் அருணாசலம் 1923ஆம் ஆண்டின் இறுதியில் தென்னாட்டுத் தலங்களைத் தரிசிக்கச் சென்றிருந்தார். அகவை எழுபது, உடல் தளர்ந்திருந்தது. அரசியலிற் கண்ட ஏமாற்றமும் மனத்தை வருத்தியிருக்கும். 1924 ஜனவரி 9ஆம் நாள் மதுரையம்பதியில் இறைவனடி சேர்ந்தார். ஆலவாய்ச் சொக்கன் வீற்றிருக்கும் பதியில், அந்நகரைச் சூழ்ந்த சீமையில், பஞ்சத்தாலும் கடனாலும் நிலத்தை விட்டு மண்டபத்தை நோக்கி நடந்தோரின் ஊர்கள் பல உண்டு. யாருடைய தளையைத் தளர்த்த அவர் இறுதி ஆண்டுகளைச் செலவிட்டாரோ, அவர்களுடைய தாய்நிலத்திலேயே அவர் ஆவி பிரிந்தது. இது தற்செயலே, ஆயினும் எழுதாமல் விட எமக்கு மனமில்லை.

1930இல் கொழும்பிலே சட்டநிரூபண சபையின் முன்றலில் அவருக்குச் சிலை எடுத்தனர். இந்நாட்டவர் ஒருவருக்கு அவ்வாறு சிலை நாட்டப்பெற்றது அதுவே முதன்முறையென்பர். பேராதனையில் அவர் பெயர் தாங்கிய விடுதி எழுந்தது அதற்குப் பின்.

சென்ற ஆண்டு யாம் பேரனுடன் நல்லதண்ணிக்குச் சென்று மலையேறினோம். முழங்கால் ஒத்துழையாமையால் பாதி வழியில் நின்று திரும்ப நேர்ந்தது. திரும்பும் வழியிற் பேராதனையில் இறங்கி, எம் பழைய விடுதியின் வாயிலில் எழுதியிருந்த பெயரைப் பேரனுக்குக் காட்டி, துண்டின் கதையைச் சொன்னோம். முழுவதையும் கேட்டபின் அவன், தாத்தாவின் தாத்தாவுக்கு இவரைத் தெரியுமா என்றான். தெரியாது என்றோம். இவருக்கு அவரைத் தெரியுமா என்றான். பெயர் தெரியாது, 1911க்குப் பிறகு எடுத்த குடிசன மதிப்பில் அவரும் ஓர் எண்ணாக இருந்திருப்பார் என்றோம். மழை தொடங்கவே பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தோம்.